ஆறு இலட்சமும் ஒரு திறப்பும்: எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதை வாங்குவது?

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில் ஒட்டுசுட்டானுக்குக் கிட்டவாக இறங்கி, உள்வீதியால் கொஞ்சத் தூரம் போனால் எங்கள் பாடசாலை. தரம் 11 வரைக்கும்தான் வகுப்புகள். நான் கணிதம் படிப்பிக்கிறேன், ஆள் குறைவான நாட்களில் விஞ்ஞானத்துக்கும் போவேன். போன வருடம் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து 6 இலட்சம் ரூபா தருவதாகச் சொன்னார்கள். "ரீச்சர், எங்கட பிள்ளையளுக்கு ஒரு நவீன வகுப்பறை செய்து குடுங்கோ" என்று அவர்களில் மூத்தவர் தொலைபேசியில் கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. 2009 இல் இடம்பெயர்ந்து, கூடாரத்துக்குள் படித்த தலைமுறை அது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அந்தப் பணத்துக்கு நான்கு வழி வந்தது: பெரிய ஸ்மார்ட் போர்ட் ஒன்று, பிள்ளைகள் கையில் டப் எனும் தொடுதிரைக் கைக்கணினி, நல்ல இணைய இணைப்பு, இணையமே தேவைப்படாத ஒரு சின்னப் பெட்டியும் அதைக் காட்ட ஒரு திரையும். மூன்று கூட்டம் நடந்தது. மல்லாவியிலும் நெடுங்கேணியிலும் பூநகரியிலும் இதே கேள்வியோடு சங்கங்கள் இருப்பதை ஆசிரியர் நண்பர்கள் சொல்லக் கேட்கிறேன். அதனால் நாங்கள் யோசித்த விதத்தை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு திறப்பின் கதை. இங்கே வர முன்னர் வேறொரு பாடசாலையில் இருந்தேன். அங்கே நல்ல கணினி அறை இருந்தது. வரிசையாகக் கணினிகள், நிலத்துக்கு மாபிள், யன்னலுக்குத் திரைச்சீலை. திறப்பு அதிபரின் அலுமாரிக்குள். வகுப்பைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் முதல் நாளே கேட்க வேண்டும். அதிபர் வராத நாளில் அறையும் இல்லை. இரண்டு வருடத்தில் என் வகுப்பு அதற்குள் போனது பத்துப் பன்னிரண்டு தடவைதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒவ்வொரு கணினியும் பொருட்பதிவேட்டில் அவர் பெயரில் இருந்தது. ஒன்று உடைந்தால் கணக்காய்வுக்குப் பதில் எழுத வேண்டியவர் அவர். பூட்டிய அறையின் வெக்கையில் யூபிஎஸ் பற்றரிகள் ஊதிப்போயின. நான் இடமாற்றம் பெற்று வரும்போது பாதிக் கணினிகள் ஓடவில்லை. பிள்ளைகள் பாவித்து ஓடாமல் போனவை அல்ல அவை.

அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வரும் கேள்வி, இது உடைந்தால் பாடசாலை தாங்குமா என்பதுதான். தாங்காது என்றால் அதற்குப் பூட்டு வரும்.

ஸ்மார்ட் போர்ட்

இதற்குத்தான் கூட்டத்தில் அதிகக் கை உயர்ந்தது. நியாயம் இருக்கிறது. வட்டக் கேத்திரகணிதத்தைக் கரும்பலகையில் படிப்பித்தவர்களுக்குத் தெரியும். ஒரு வில் மையத்தில் எதிரமைக்கும் கோணம், பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு என்று சொல்லி ஒரு படம் கீறுவோம். பிள்ளை அந்த ஒரு படத்தை மட்டும் நம்பும், படம் கொஞ்சம் சரிந்து வந்தால் பரீட்சையில் தடுமாறும். ஜியோஜீப்ரா மென்பொருளில் அதே வட்டத்தைக் கீறிப் புள்ளியை விரலால் இழுத்தால், புள்ளி நாணின் அதே பக்கத்துப் பரிதியில் எங்கே ஓடினாலும் கோணம் அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். 2001 இல் ஒஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கிய அந்த மென்பொருளைப் பாடசாலைகள் பணம் கொடுக்காமலே பாவிக்கலாம்.

ஆனால் இந்த நன்மையைத் தருவது மென்பொருள். பலகை அதைப் பெரிதாகக் காட்டுகிறது, தொட்டு இழுக்க விடுகிறது. அதற்காக எங்கள் பணம் அநேகமாக முழுவதும் ஒரே பொருளில் போய்விடும், ஒரே வகுப்பில் மாட்டப்படும், மற்ற வகுப்புகள் முறை வைத்து நடந்து வர வேண்டும். தொடுதிரை பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும். எங்கள் வகுப்பறைகளுக்கு அரைச்சுவர்தான். மாரியில் சாரல் உள்ளே அடிக்கும், கோடையில் புழுதி வரும், வளையில் குருவி கூடு கட்டும். பலகையைக் காப்பாற்ற முழுச்சுவரும் கதவும் கட்ட வேண்டும். கதவு வந்தால் திறப்பு வரும், மீதி உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று இடமாற்றம். கஷ்டப் பிரதேசச் சேவைக்காக வரும் இளம் ஆசிரியர்கள்தான் இப்படியான கருவியை ஆசையோடு பழகுகிறார்கள். சேவைக் காலம் முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள், போகவும் வேண்டும், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. பலகையைப் பழகிய கை போன பிறகு, அதில் வெண்கட்டியால் எழுதக்கூட முடியாது.

கிளிநொச்சி நகரிலோ வவுனியாவிலோ உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கும் 1ஏபி பாடசாலை என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். மூடிய அறை அங்கே ஏற்கெனவே இருக்கும். அதே அறையில் நாள் முழுக்க இரசாயனம், பௌதிகம், உயிரியல் என்று பாடம் ஓடும். பழகிய ஆசிரியர் ஒருவர் போனாலும் இன்னும் மூவர் இருப்பார்கள். அங்கே ஸ்மார்ட் போர்ட் கொடுத்த பணத்துக்கு வேலை செய்யும்.

டப்

ஒரு தந்தை எழுந்து, "ஆளுக்கொன்று குடுத்தால் பிள்ளை தானாப் படிக்கும்" என்றார். இந்த நம்பிக்கையை உலகம் ஏற்கெனவே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. பெரு நாட்டில் பிள்ளைக்கொரு மடிகணினி என்று இலட்சக்கணக்கில் கொடுத்தார்கள். கிராமப்புறப் பாடசாலைகள் 319 ஐ எடுத்துச் செய்த ஆய்வு 2012 இல் வந்தது. கணினிப் பாவனை நன்றாகக் கூடியிருந்தது. கணிதத்திலும் மொழியிலும் புள்ளி கூடியதற்கு அடையாளமே இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஓர் ஆய்வு உண்டு, அதை மறைத்துவிட்டு டப்பை நிராகரிக்க எனக்கு விருப்பமில்லை. டெல்லியில் பாடசாலை முடிந்த பிறகு மாணவர்கள் போகும் நிலையங்களில் ஒரு மென்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இருவரும் எழுதிய அந்த ஆய்வு 2019 இல் வெளியானது. நான்கரை மாதத்தில் கணிதத்திலும் ஹிந்தியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அங்கே நடந்தது என்ன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பிள்ளை எந்த வகுப்பு என்று அந்த மென்பொருள் பார்க்கவில்லை, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தது. வகுப்புக்குப் பல ஆண்டு பின்தங்கிய பிள்ளைக்கு அந்தப் பின்தங்கிய இடத்திலிருந்தே கணக்குக் கொடுத்தது. கணினியோடு சிறு குழுவாக ஆசிரியர் துணையும் இருந்தது.

இதை வாசித்தபோது என் தரம் 9 வகுப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. அட்சரகணிதம் நடத்துகிறேன். முன்வரிசைக்கு விளங்குகிறது. பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று வராது. கொரோனாக் காலத்தில் தரம் 3, 4 இல் இருந்த பிள்ளைகள் இவர்கள், பின்னத்தைக் கற்க வேண்டிய வயதில் வீட்டில் இருந்தவர்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் இரண்டு வகுப்பை ஒரே நேரம் நடத்த ஒருவரால் முடியாது. இந்த இடத்தில் கருவி உண்மையிலேயே உதவக்கூடும்.

ஆனால் டெல்லியில் வேலை செய்தது அந்த மென்பொருள், அதுவும் அவர்களின் மொழிக்கும் பாடத்திட்டத்துக்கும் செய்தது. வெறும் டப்பை வாங்கிக் கொடுத்தால் கைக்கு வருவது வீடியோ பார்க்கும் ஒரு கண்ணாடித் துண்டு. எங்கள் பணத்துக்கு நல்லதாகப் பதினைந்து டப்கூட வராது என்று விலை கேட்டபோது தெரிந்தது. பிள்ளைகள் நூற்றுக்கு மேலே. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது? அந்தச் சண்டையை நினைத்தாலே பயமாக இருந்தது.

இணைப்பு

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப் குழுதான் எங்கள் வகுப்பறை. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருந்தன. அதைத் திறக்கச் சிக்னல் வேண்டுமே? குளக்கட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். பின்னேரத்தில் நான்கைந்து பிள்ளைகள் அந்தக் குளக்கட்டின் மேல் குந்தியிருந்து என் குரல் பதிவுகளை இறக்குவார்கள். இருட்ட முன் வீட்டுக்குப் போய்விட வேண்டும், யானை வரும். பல வீடுகளில் ஒரே போன்தான், அதையும் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். வீடியோவைக் குறைந்த தரத்தில், 360 புள்ளி அளவில் பார்த்தாலே மணிக்கு ஏறத்தாழ 300 எம்பி டேட்டா போகும். கூலி வேலைக்குப் போகும் தாயிடம் ஒவ்வொரு கிழமையும் ரீலோட் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. சிக்னல் முந்தியதை விடப் பரவாயில்லை. செய்மதி வழியான ஸ்டார்லிங்கும் 2025 இல் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. கோபுரம் எட்டாத கிராமத்துக்கு அது பெரிய காரியம்தான். ஆனால் இணைப்பு என்பது ஒருமுறை வாங்கி முடிகிற பொருளல்ல, மாதாமாதம் கட்ட வேண்டியது. பழைய மாணவர்களின் பணம் ஒருமுறை வருவது. பதினெட்டாம் மாதம் யார் கட்டுவார்கள் என்று கேட்டேன், கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

இந்தத் தலைப்பில் ஒரு சின்ன விடயம் என்னை அதிகம் தொட்டது. போட்ஸ்வானாவில் 2020 ஊரடங்கின்போது ஏறத்தாழ 4,500 குடும்பங்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதிக்குக் கிழமைக்கொரு கணக்கை எஸ்எம்எஸ் ஆக அனுப்பினார்கள். இன்னொரு பகுதிக்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு, போனிலும் எடுத்து அந்தக் கணக்கைப் பிள்ளையோடு கொஞ்ச நேரம் பேசினார்கள். எஸ்எம்எஸ் மட்டும் பெற்றவர்களிடம் பலன் உறுதியாகத் தெரியவில்லை. போனில் பேசிய வீடுகளில் பிள்ளைகளின் கணித அறிவு தெளிவாகக் கூடியது. பொத்தான் போன் போதும் இதற்கு. தை, மாசியில் அரிவு வெட்டு நேரம் சில பிள்ளைகள் கிழமைக்கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு இரவில் போன் எடுத்துப் பத்து நிமிடம் கணக்குக் கேட்க ஆரம்பித்தேன். திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைகள் முன்னைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு வருவதில்லை. ஆறு இலட்சத்தில் இதற்கு ஒரு சதமும் தேவைப்படவில்லை. ஆனாலும் கூட்டத்தில் இதையும் ஒரு வழியாகப் பதியச் சொன்னேன்.

பெட்டியும் திரையும்

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கணினியைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012 இல் 35 டொலர் விலையில் சந்தைக்கு வந்தது, பிள்ளைகள் கணினி பழகட்டும் என்றே செய்தது. அதன் புதிய வகை ஒன்றை வாங்கி, மெமரி கார்டில் பாடங்களை நிரப்பி வைத்தால், அது தானே ஒரு சின்ன வைஃபை வட்டத்தை உண்டாக்கும். அந்த வகுப்பில் இருக்கும் போன், டப், மடிகணினி எல்லாம் டேட்டா இல்லாமல், ரீலோட் இல்லாமல் அதிலுள்ளதைத் திறக்கலாம். இணையம் முழுக்க அதில் இருக்காது, எங்களுக்கு வேண்டியது இருக்கும்.

என்ன நிரப்பினோம் என்று சொல்கிறேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக இறக்கலாம், தரம் 6 முதல் 11 வரை ஏற்றினோம். கிவிக்ஸ் என்ற மென்பொருளின் மூலம் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இணையமில்லாமல் வாசிக்கலாம். 'நூலகம்' என்ற இணைய மின்னூலகத்திலிருந்து எங்கள் மண்ணைப் பற்றிய சில நூல்களை இறக்கினோம், வரலாற்று ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு அன்று மதியச் சாப்பாட்டுக்கே போகவில்லை. கடந்த கால வினாத்தாள்கள். ஜியோஜீப்ரா. அப்புறம் பெட் என்ற விஞ்ஞானச் செயல்விளக்கங்கள்: நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியவை, தமிழிலும் பல உண்டு, இறக்கி வைத்தால் இணையம் வேண்டாம். ஆய்வுகூடமே இல்லாத எங்கள் பாடசாலைக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்று சொல்லத் தெரியவில்லை. பற்றரி, வயர், மின்குமிழ் எல்லாவற்றையும் திரையில் இணைக்கலாம். பிழையாகக் குறுஞ்சுற்றுப் போட்டால் பற்றரியில் தீ எரியும். அதைக் கண்டு பிள்ளைகள் கத்திய கத்தில் பக்கத்து வகுப்பு ரீச்சர் ஓடி வந்தார். பிறகு உண்மையான டோர்ச் பற்றரியைக் கொடுத்தபோது ஒருவரும் இரண்டு முனையையும் ஒரே வயரால் தொடவில்லை.

திரைக்கு முதலில் புரொஜெக்டரைத்தான் நினைத்தோம். ஒரு நாள் கடன் வாங்கிப் பார்த்தோம். அரைச்சுவர் வகுப்பில் பத்து மணி வெயிலுக்குப் படம் வெளிறிப்போனது. படங்குச் சீலை கட்டினால் காற்று வராது, பிள்ளைகள் வெந்துபோவார்கள். அதனால் சாதாரண 55 அங்குல டிவி ஒன்றைச் சில்லுப் பூட்டிய தாங்கியில் வைத்தோம். வகுப்புக்கு வகுப்பு தள்ளிக்கொண்டு போகலாம். பழுதானால் திருத்துவதற்குப் புதுக்குடியிருப்பிலும் கிளிநொச்சியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். விலையும் ஸ்மார்ட் போர்ட்டுக்குக் கிட்டவும் வராது. தொட்டு இழுக்க முடியாதுதான், ஒரு வயரில்லா மவுஸ் போதுமாக இருக்கிறது. அதைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் அதுவே எழுந்து நின்று விளங்கப்படுத்தும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அளவு இப்போது இல்லை. ஆனால் மாரியில் மரம் முறிந்து லைனில் விழுந்தால் எங்கள் பக்கம் அரைநாள் போய்விடும். டிவி நின்றாலும் பெட்டி நிற்காது, போனுக்குப் போடும் பவர்பேங்கில் சில மணி நேரம் ஓடும். பழைய மாணவர்கள் தாங்கள் பாவித்து வைத்திருந்த எட்டுப் போன்களை அனுப்பினார்கள், சிம் இல்லாமல். மூன்று பிள்ளைக்கு ஒன்று என்று கொடுக்கிறோம்.

குறையும் இருக்கிறது. பாடங்களைத் தவணைக்கு ஒருமுறை யாராவது புதுப்பிக்க வேண்டும், அதற்கு நான் மாங்குளத்தில் நல்ல சிக்னல் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போகிறேன். கரண்ட் பட்டென்று நின்றால் மெமரி கார்ட் பழுதாகலாம். முதல் மாதமே எங்களுக்கு அப்படி நடந்தது, இரண்டு கிழமை வேலை வீணாய்ப் போனது, அழுகை வந்துவிட்டது. இப்போது அதே கார்டின் பிரதி எப்போதும் ஒன்று வெளியே இருக்கும். இடி மின்னல் காலத்தில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும், ஒரு ரவுட்டரை அதில் பறிகொடுத்தோம்.

பணத்தைப் பிரித்த விதம்

டிவி, தாங்கி, பெட்டி, பவர்பேங்க், ஒரு மடிகணினி எல்லாம் சேர்ந்தும் பாதிப் பணத்தைத் தாண்டவில்லை. மீதியில் ஒரு பகுதியைத் திருத்தச் செலவுக்கென்று சங்கத்தின் வங்கிப் புத்தகத்தில் போட்டோம். இன்னொரு பகுதிக்கு நான் கடுமையாக வாதாடினேன். எங்கள் ஊரில் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை ஒருத்தியை, பாடசாலை விட்ட பிறகு கிழமைக்கு மூன்று நாள் பின்வரிசைப் பிள்ளைகளோடு இருக்க வைத்தோம், ஒரு வருடத்துக்குக் கொடுப்பனவோடு. டெல்லியில் மென்பொருள் செய்த வேலையை அவள் கொப்பியிலும் அட்டையிலும் செய்கிறாள். ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் கணக்கில் தடக்குப்படுகிறது என்று பார்த்து அங்கிருந்தே ஆரம்பிக்கிறாள். சொல்லி விளங்காததைப் பெட்டியிலிருந்து காட்டுகிறாள்.

இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. "சம்பளத்துக்கோ காசு அனுப்பினாங்கள்?" என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் கோபப்பட்டார். பெரிய பலகைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நிற்கும் ஒரு படம் அவர் எதிர்பார்த்தது. அந்த எதிர்பார்ப்பில் பிழை இல்லை, தூரத்தில் இருப்பவருக்குக் கண்ணால் காணக்கூடிய ஒன்று வேண்டும். நாங்கள் அவருக்குப் பின்னேர வகுப்பை வீடியோவில் காட்டினோம். பின்னம் வராமல் இருந்த பையன் கரும்பலகைக்குப் போய் ஒரு கணக்கைச் செய்து முடித்தான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த வருடக் கொடுப்பனவைத் தான் தருவதாகச் சொன்னார்.

உங்கள் சங்கத்தில் இந்தப் பேச்சு வரும்போது விலைப்பட்டியலைக் கேட்க முன்னர் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். வகுப்பறைக்கு முழுச்சுவர் இருக்கிறதா? இதைப் பாவிக்கத் தெரிந்த ஆசிரியர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார், அவருக்குப் பிறகு யார்? பழுதானால் திருத்துபவர் எந்த ஊரில் இருக்கிறார்? மாதக் கட்டணம் உண்டா? உடைந்தால் யார் பெயரில் எழுதுவார்கள்? எங்கள் சங்கம் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. டிவியும் பெட்டியும் உடைந்தால் திருத்த நிதியிலிருந்து எடுப்பது, தனி ஆளிடம் கேட்பதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி அதிபரும் செயலாளரும் கையெழுத்து வைத்தார்கள். அதன் பிறகுதான் அதிபருக்கு மூச்சு வந்தது.

டிவி இரவில் மட்டும் அலுவலகத்துக்குள் போகும். பெட்டிக்குப் பூட்டு இல்லை. காலையில் தரம் 10 பிள்ளைகள் அதை எடுத்துவந்து போடுகிறார்கள். பிரதிக் கார்டை அவர்களில் ஒருத்தி தன் கணிதப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். போன தவணை முடிவில் மாங்குளத்துக்குப் போனபோது அவளையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனேன், புதிய வினாத்தாள்களை அவளே ஏற்றினாள்.